முழங்காலில் கட்டிய ஸ்கேல்

கிட்ட வாங்க கண்ணுகளா, கிட்ட வந்து உக்காருங்க. கதவோரம் நிக்கிறவுகளும் உள்ள வந்துருங்க, இடம் கிடக்கு. ஒரு வீட்டில் கார் வாங்கின கதையைச் சொல்கிறேன். கார் வாங்குவதில் என்ன பெரிய கதை என்று உதட்டைப் பிதுக்காதீங்க. காரைப் பார்க்காமலே காரைத் தேர்ந்தெடுத்த ஒரு மனுசனும், தன் காலைப் பற்றி வாயே திறக்காத அவர் பெண்சாதியும் இதில் வருகிறார்கள். கேட்டு முடிக்கையில் உங்கள் வீட்டு ஆம்பளை முகம் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சிவகாசியில் நாரணாபுரம் போகிற ரோட்டில் கனகசபாபதி என்று ஒருவர் அச்சாபீஸ் வைத்திருந்தார். வெடிப் பெட்டிக்கு லேபிள், மத்தாப்புக்கு அட்டை, வருசம் பிறந்தால் காலண்டர், இவைதான் தொழில். வாசலில் ஆள் உயரத்துக்குப் போர்டு: ‘பொன்னுத்தங்கம் ஆப்செட்’. கட்டின மனைவியின் பேரையே கம்பெனிக்கு வைத்தவர் என்று ஊரில் அவருக்கு ஒரு மதிப்பு. அந்தப் பேருக்கு உரிய பொன்னுத்தங்கம் மட்டும், “போர்டுல என் பேர எழுதினாக. அன்னியோட என் பேச்சக் கேக்கிறத விட்டாக” என்று சொல்லிச் சிரிப்பாள்.

கனகசபாபதியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ் இருக்கும். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று அச்சாபீஸ்காரர்கள் பார்ப்பார்களே, அந்த லென்ஸ். மிஷினில் பார்த்தால் தொழில். இவர் வீட்டிலும் விடமாட்டார். பிஸ்கட் பாக்கெட்டைப் பார்ப்பார். மருந்து டப்பாவைப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் பொண்ணு யார், மாப்பிள்ளை யார் என்று படிக்கிறதில்லை. பிள்ளையார் படத்தில் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, “சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருக்கு. அவசரக் கல்யாணம் போல” என்பார்.

இரண்டாயிரத்து நாலாம் வருசம். தீபாவளி சீசன் நன்றாகப் போய்விட்டது. வீட்டில் பதினேழு வருசம் ஓடின வெள்ளை அம்பாசடரைக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் எடுப்பது என்று முடிவானது. எந்தக் கார் என்பதில்தான் சிக்கல். மகன் மணிகண்டராஜுக்கு ஜப்பான் கார்மேல் கண். விருதுநகரில் மல்லி, வத்தல் மண்டி வைத்திருக்கிற நைனா முகம்மது அதே காரை அந்த வருசந்தான் எடுத்திருந்தார். கனகசபாபதிக்கு அவர் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. பொன்னுத்தங்கம் அவரை அண்ணாச்சி என்பாள். அதனால் கனகசபாபதிக்கு அவர் மச்சான் ஆகிவிட்டார். இன்னொரு பக்கம், நம்ம நாட்டுக் கம்பெனி ஒன்று புதிதாக நாலு கதவும் நீள டிக்கியுமாக ஒரு கார் போட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு காரின் விளம்பரத் தாளையும் கனகசபாபதி சாப்பாட்டு மேசையில் விரித்தார். ஜப்பான் காருடையது கனத்த வழவழப்புத் தாளில் பன்னிரண்டு பக்கம். உள்நாட்டுக் காருடையது மதுரை ஷோரூம்காரர்கள் அடித்துக் கொடுத்த ஒற்றைத் தாள். லென்ஸ் வெளியே வந்தது.

“இங்க பாரு தங்கம். இது டயரு. கறுப்புக்குள்ள இன்னொரு கறுப்பு தெரியுது பாத்தியா? தாளுலயே இம்புட்டுக் கவனமா இருக்கிறவன் இஞ்சின்ல எம்புட்டுக் கவனமா இருப்பான்?”

“இட்லி ஆறுது” என்றாள் பொன்னுத்தங்கம்.

அவர் அடுத்த தாளுக்கு நகர்ந்தார். குனிந்தவர் நிமிர்ந்தபோது முகம் சுண்டியிருந்தது. “இது என்ன கொடுமை. காருக்கு ஒரு நிழலு, அந்த நிழலுக்கு ஒரு நிழலு. சிவப்பு தனியா ஊருக்குப் போயிக்கிட்டு இருக்கு. இத அடிச்சவன் ஆப்செட் மிஷின் ஓட்டுனானா, மாவு மிஷின் ஓட்டுனானா?”

மணிகண்டராஜுக்கு இட்லி புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு, “அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று கையைக் கழுவப் போய்விட்டான். பிறந்த நாளிலிருந்து அப்பா சொன்னதைச் சரி என்று ஒப்புக்கொள்ளாத பிள்ளை அவன். பொன்னுத்தங்கம் அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

“உள்நாட்டுக் காரு வேண்டாம்” என்று கனகசபாபதி தீர்ப்புச் சொன்னார். “நோட்டீச ஒழுங்கா அடிக்காதவன் காரை எங்க ஒழுங்காச் செய்யப் போறான்? நாளைக்கு மதுரைக்குப் போயி ஜப்பான் காருக்குச் சொல்லிட்டு வந்துருவோம்.”

“நீங்க உக்காரப் போறது கார்லயா, நோட்டீசுலயா?”

“உனக்குத் தொழில் தெரியாது தங்கம்.”

தொழில் தெரியாதுதான். ஆனால் ஜப்பான் காரில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் சொல்லவில்லை.

இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு மழைநாளில் அச்சாபீஸ் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. நடக்கத் தடையில்லை. அம்பாசடரில் ஏறவும் தடையில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, நாற்காலியில் உட்காருகிற மாதிரி சீட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாய் உள்ளே எடுத்துக்கொள்வாள். யாரும் கவனித்ததுகூட இல்லை. மாதத்துக்கு ஒரு தரம் விருதுநகரில் தங்கச்சி பத்திரகாளி வீடு, ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில், நடுவில் சீமந்தம், சடங்கு, துக்கம் என்று எல்லா இடத்துக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தாள்.

ஆவணியில் சொந்தக்காரக் கல்யாணம் ஒன்று விருதுநகரில் நடந்தது. நைனா முகம்மது ஆசையாகத் தன் புதுக் காரை டிரைவரோடு அனுப்பி வைத்தார். ஏறும்போது சீட் எங்கோ பள்ளத்தில் இருந்தது. பொத்தென்று உள்ளே விழுந்தாள். மண்டபத்து வாசலில் இறங்கவேண்டுமே, காலை ஊன்றி எழுந்திருக்க முடியவில்லை. ஒருத்தி இடது கையைப் பிடித்தாள், ஒருத்தி வலது கையை. டிரைவர் பின்னால் போய் முதுகைத் தள்ளினான். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வீடியோக்காரர் மட்டும் எதையும் நிறுத்தவில்லை. லைட்டை நன்றாக மேலே பிடித்தார்.

அந்த சிடி இப்போது சொந்தக்காரர் வீட்டில் எல்லாம் ஓடுகிறது. அந்த இடம் வந்ததும் ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புத்தான். அதன் பிறகு, “பாவம், மதினிக்கு எதுக்குச் சிரமம்? வீட்டுலயே இருக்கட்டும், நாமளே போயிப் பாத்துக்கிடுவோம்” என்கிறார்கள். இந்தப் பாவந்தான் பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தை மாதம் பத்திரகாளியின் பேரனுக்குக் காதுகுத்து. முழங்கால் வலி என்று வாயைத் திறந்தால், சரி, நீ வீட்டில் இரு என்று புருசனும் சொல்வார். சொல்லாமல் இருந்தால் பள்ளத்துக் கார் வாசலுக்கு வந்துவிடும். எப்படிப் போனாலும் வீட்டோடு கிடக்கவேண்டியதுதான். அதுவும் நாளைக்கே முடிவாகப் போகிறது.

அன்றைக்குக் காலை வேலை முடிந்து அவள் மாத்திரையை எடுத்தாள். அட்டையில் எழுத்துப் பொடிப்பொடியாக இருந்தது. மேசையில் கிடந்த லென்ஸை எடுத்து எந்த மாத்திரை என்று பார்த்தாள். விழுங்கிவிட்டு, கையில் இருக்கிறதே என்று அந்த ஒற்றைத் தாளிலும் வைத்துப் பார்த்தாள். ஆமாம், காருக்கு நிழல் இருந்தது. லென்ஸ் கீழே நகர்ந்தது. அடி ஓரத்தில், எறும்புக் கால் கனத்தில் ஒரு வரி: அச்சிட்டோர், பொன்னுத்தங்கம் ஆப்செட், சிவகாசி.

அவள் தன் பேரையே மூன்று தரம் படித்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புள்ளி புள்ளியாகப் பார்த்தவர் எழுத்தைப் பார்க்கவில்லை.

“ஏலே மணி, இங்கன வா.”

தாளில் அவள் விரல் இருந்த இடத்தைப் பார்த்ததும் மணிகண்டராஜ் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். “புரட்டாசியில அப்பா மூணு நாளு திருச்செந்தூர் போனாகல்லம்மா, அப்ப வந்த ஆர்டர். வெளிய லேபிள் லோடு ஏத்த லாரி நிக்குது. இது கொஞ்சம் விலகுச்சு. யாரு லென்ஸ் வச்சுப் பாக்கப் போறான்னு விட்டுட்டேன்.”

“இந்த ஊருல ஒருத்தருதான் பாப்பாக. அவுக ஒன்னப் பெத்தவுக.”

“அப்பாகிட்டச் சொல்லிராதம்மா. ஜப்பான் காரு வேற கை நழுவிரும்.”

“மத்தியானம் நீ வாயைத் தொறக்காம சாப்பிடு. அது போதும்.”

மத்தியானம் நைனா முகம்மது தானே காரை ஓட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்தார். பாய் கடையில் சொல்லிவைத்து வாங்கின கறி, ரசம், அப்பளம். ஜப்பான் காரின் பெருமையை அவர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிடுகிற வரைக்கும் சொன்னார். சத்தமே கிடையாதாம், நின்றுவிட்டது என்று நினைத்து ஒரு தரம் கீழே இறங்கிப் பார்த்தாராம்.

“அண்ணாச்சி, ஒங்க மச்சான் நோட்டீசப் பாத்தே காரை முடிவு பண்ணிட்டாக” என்றாள் பொன்னுத்தங்கம், அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. “நம்ம நாட்டுக் காரு நோட்டீச அடிச்சவன மன்னிக்கவே கூடாதாம்.”

கனகசபாபதி உற்சாகமானார். “அவனச் சும்மா விடக்கூடாது மச்சான். அவன் மொதலாளியைப் பிடிச்சு, மிஷின் முன்னால ஒத்தக்கால்ல நிக்க வைக்கணும்.”

“மொதலாளியையா? மிஷின்காரன் பண்ணின தப்புக்கா?”

“கம்பெனி பேருல வெளிய போனா மொதலாளிதான் பொறுப்பு தங்கம். அதுதான் தொழில் தர்மம்.”

“மாத்திப் பேச மாட்டீகளே?”

“நான் என்னிக்கு மாத்திப் பேசிருக்கேன்?”

அவள் தாளையும் லென்ஸையும் கொண்டுவந்து நைனா முகம்மதின் இலையோரம் வைத்தாள். “அண்ணாச்சி, அடியில ஒரு வரி இருக்கு. சத்தமாப் படிங்க.”

நைனா முகம்மது இடது கையால் லென்ஸைப் பிடித்துப் படித்தார். ஒரு தரம் படித்துவிட்டு நண்பரின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தரம் இன்னும் சத்தமாகப் படித்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தலைத் தொப்பி நழுவி அப்பளத்தின் மேல் விழுந்தது.

கனகசபாபதி தாளை வாங்கிப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் இலையில் கறிவேப்பிலையைப் பத்திரமாக ஓரங்கட்டிக்கொண்டிருந்தான்.

“திருச்செந்தூர் போனப்பவா?” என்றார்.

“ஆமாப்பா.”

“ரெண்டாயிரம் தாளுமா?”

“மூவாயிரம்.”

கனகசபாபதி கையைக் கழுவிவிட்டு வந்து, “சரி. நான் நிக்கேன். அச்சாபீஸுக்குப் போவோமா, இங்கனயே நிக்கவா?” என்றார். அவரிடம் அந்த நேர்மை உண்டு, சொல்லவேண்டும்.

“ஒத்தக்கால் எல்லாம் வேண்டாம்” என்றாள் பொன்னுத்தங்கம். “ரெண்டு காலும் இருக்கட்டும். ஒரு காலு மட்டும் மடங்காம இருந்தாப் போதும்.” மகனை அனுப்பி அச்சாபீஸ் இரும்பு ஸ்கேலை எடுத்துவரச் சொன்னாள். இரண்டடி நீளம். கொஞ்சம் சணலும் கேட்டாள். “நான் சொல்றபடி ஒரு வேலை செய்யணும். எதுக்குன்னு கேக்கக்கூடாது.”

வலது முழங்காலுக்குப் பின்னால் ஸ்கேலை வைத்து, தொடையில் ஒரு கட்டு, கெண்டைக்காலில் ஒரு கட்டு போட்டாள். லேபிள் கட்டுக் கட்டிப் பழகின கை, இறுக்கமாகவே கட்டினாள். கனகசபாபதி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, பந்தல்கால் நடந்துவருகிற மாதிரி வாசலுக்கு வந்தார். நைனா முகம்மதின் ஜப்பான் கார் பளபளவென்று நின்றது.

“ஏறுங்க. அப்புறம் இறங்குங்க. அம்புட்டுத்தான்.”

“இது ஒரு தண்டனையா தங்கச்சி?” என்றார் நைனா முகம்மது. “என் காரு மெத்த மாதிரில்ல இருக்கும்.”

கனகசபாபதி கதவைப் பிடித்து மெல்லக் குனிந்தார். பாதிக் குனிவுக்கு மேல் கால் விடவில்லை. மீதியைக் காரே பார்த்துக்கொண்டது. பொத்தென்று உள்ளே விழுந்தார். கட்டின கால் வெளியே ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. அதைச் சாய்த்து, திருப்பி, முன்சீட்டில் இடித்து, ஒருவழியாக உள்ளே கொண்டுபோனார்.

“இறங்குங்க” என்றாள்.

அவர் ஒரு தரம் எம்பினார். இரண்டாந்தரம் எம்பினார். வேட்டி மாட்டிக்கொண்டது. நைனா முகம்மது சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்தார். மணிகண்டராஜ் அந்தப் பக்கக் கதவைத் திறந்து முதுகைத் தள்ளினான். தெருவில் பத்திரிகைக் கட்டு ஏற்றிப் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?” என்று கேட்டார்.

முதலில் சிரிப்பை நிறுத்தினவர் நைனா முகம்மதுதான். தன் கையில் இருந்த கையையும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்த பையனையும் பார்த்தார். இதை எங்கே பார்த்தோம் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த சிடி அவர் வீட்டிலும் ஓடியிருந்தது.

கனகசபாபதி இழுப்பதை விடச் சொல்லிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. “தங்கம்” என்றார். “அன்னிக்கு மண்டபத்துல இப்படித்தான் இருந்துச்சா?”

“இப்படித்தான். ஒங்கள இங்க நாலு பேருதான் பாக்காக. என்னை ஊரே பாத்துச்சு. இன்னும் பாத்துக்கிட்டு இருக்கு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன சொல்லுவீக? முடியலைன்னா வீட்டுல இருன்னு சொல்லுவீக. வீட்டுல இருக்கிறதுக்கு எனக்கு எதுக்குங்க காரு?”

அவர் ‘இல்லை, அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்’ என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருப்போம் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டார்.

எப்படியோ வெளியே எடுத்து நிறுத்தினார்கள். கட்டை அவிழ்க்க அவள் குனிந்தபோது, “இரு” என்று சொல்லிவிட்டு, அந்தக் காலோடேயே பழைய அம்பாசடருக்கு நடந்தார். முதுகைக் காட்டித் திரும்பினார். உட்கார்ந்தார். காலை எடுத்து உள்ளே வைத்தார். எடுத்து வெளியே வைத்தார். எழுந்து நின்றார். பதினேழு வருசம் அந்தக் காரில் போனவர், அன்றைக்குத்தான் அதில் ஏறினதுபோலத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார். அப்புறம் ஸ்கேலை அவிழ்த்து, தரையிலிருந்து சீட்டுக்கு எம்புட்டு உயரம் என்று அளந்தார். இருபத்திரண்டு அங்குலம். ஜப்பான் காரை அளந்தார். பதினெட்டு.

“நாலு அங்குலம் மச்சான்” என்றார். “மயிரிழை விலகினாலே கூப்பாடு போடுவேன். நாலு அங்குலம் என் கண்ணுல படல.”

நைனா முகம்மது தன் காரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்டுக்காரி குல்சாரும் நாலு மாசமா இடுப்பு பிடிக்குதுங்கா. நான் அடுப்படி வேலையைச் சொல்லுதான்னு நெனச்சேன்” என்றார்.

திங்கட்கிழமை மதுரைக்குப் போனார்கள். போனது நம்ம நாட்டுக் கார் ஷோரூமுக்கு. பொன்னுத்தங்கமும் போனாள், ஸ்கேலும் போனது. விற்கிற தம்பி டை கட்டிக்கொண்டு டிக்கியின் விசாலத்தைச் சொல்ல ஆரம்பித்தான். “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, பின்கதவத் தொறங்க” என்று சொல்லிவிட்டுக் கனகசபாபதி தரையில் குந்தி ஸ்கேலை நிறுத்தினார். இருபத்தொன்றரை. தம்பி இப்படி ஒரு வாடிக்கையாளரை அதுவரை பார்த்ததில்லை.

“அரை அங்குலம் குறையுதே தங்கம்.”

“அந்த அரை அங்குலத்த நான் பாத்துக்கிடுதேன். விலகுங்க.”

திரும்பினாள், உட்கார்ந்தாள், காலை எடுத்து வைத்தாள். இறங்கினாள். இன்னொரு தரமும் ஏறி இறங்கினாள், அது ஆசைக்கு.

“சார், எங்க நோட்டீஸ் பாத்தீங்களா?” என்று தம்பி அந்த ஒற்றைத் தாளை எடுத்து நீட்டினான். கனகசபாபதி அதை வாங்கி நாலாக மடித்து லென்ஸ் இருக்கிற பையிலேயே போட்டுக்கொண்டார். “பாத்தோம் தம்பி. மிச்சம் எம்புட்டு இருக்கோ எல்லாத்தையும் கட்டிக் குடுங்க. வேற அடிச்சுத் தாரோம்” என்றார். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணிகண்டராஜ் கூரையில் மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மூவாயிரம் தாளையும் அவனே மிஷின் பக்கத்தில் நின்று திரும்ப அடித்தான். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தாளை அப்பாவிடம் காட்டவேண்டும் என்பது உத்தரவு. அவர் அதை லென்ஸில் பார்த்துவிட்டு, “அம்மாகிட்டயும் காட்டு. அவ பேருல போகுது” என்பார்.

தை மாதம் வந்தது. விருதுநகரில் பத்திரகாளி வீட்டு வாசலில் புதுக் கார் நின்றதும், உள்ளே இருந்து நாலு பெண்கள் கையை நீட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள்: “மதினிக்குக் கை குடுங்க, மெதுவா, மெதுவா.” ஆவணிக் கல்யாணத்து வீடியோக்காரரும் அங்கே இருந்தார். லைட் மேலே போனது.

பொன்னுத்தங்கம் கதவைத் திறந்தாள். ஒரு காலை வைத்தாள். அடுத்த காலை வைத்தாள். கதவைப் பிடித்து எழுந்து நின்று, சேலை மடிப்பை நீவிவிட்டாள். நீட்டின கைகள் நீட்டினபடியே நின்றன. அந்தப் பக்கம் இறங்கின கனகசபாபதி, ஊருக்கே கேட்கிற மாதிரி, “என்ன அப்படிப் பாக்கீக? அவ கார்ல அவ இறங்குதா” என்றார்.

அவள் நேரே வீடியோக்காரரிடம் போனாள். “நல்லா விழுந்துச்சா தம்பி?”

“விழுந்துச்சும்மா.”

“அந்தப் பழைய சிடியில என் இடம் வரும்ல, அங்க இத ஒட்டிருங்க. ஆளுக்கொரு சிடி குடுங்க” என்று சொல்லிவிட்டு, காது குத்தப் போகிற பிள்ளையைத் தூக்க உள்ளே போனாள்.

அம்புட்டுத்தான் கண்ணுகளா. உங்கள் வாசலில் நிற்கிறது எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும், சைக்கிளாகவே இருந்தாலும், உங்கள் வீட்டுப் பெண்டுகள் தாமே ஏறித் தாமே இறங்கட்டும். போன இடத்தில் எல்லாம் நல்ல சேதியாக இருக்கட்டும். உங்கள் மூட்டில் வலி வராமல் இருக்கட்டும். வந்தால், சொல்லாமலே கேட்கிற ஒரு காது பக்கத்தில் இருக்கட்டும். வீடு நிறைய ஆளும், அடுப்பு நிறைய நெருப்பும், சீசனுக்குச் சீசன் கை நிறைய வேலையுமாக நல்லா இருங்க, தாயி. நல்லா இருங்க, ராசா.